கொட்டாங்குச்சிக் கரி: அடுப்புக்கு எவ்வளவு, பேட்டரிக்கு எவ்வளவு?

கேள்வி சுருக்கமாக இது: கொருக்குப்பேட்டையில் தேங்காய் வியாபாரம் செய்யும் ஒரு குடும்பம். மாதம் ஒன்றரை டன் கொட்டாங்குச்சி சேருகிறது, கோடையில் இளநீர் மட்டையும் மலையாகக் குவிகிறது. இதைக் கரியாக்கி இஸ்திரிக் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் விற்கலாமா? அந்தக் கரியிலேயே சூப்பர் கெப்பாசிட்டரோ சோடியம் பேட்டரியோ செய்து, மொட்டைமாடி சோலார் மின்சாரத்தைச் சேமித்து வைக்க முடியுமா?

கரி விற்கலாம், நல்ல கரியாகவே செய்யலாம். மின்சாரச் சேமிப்பை வீட்டில் செய்ய முடியாது. ஆனால் அதைச் செய்கிற ஆலைகளுக்குப் போகும் தரத்தில் கரி எடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

பயோசார், உயிர்க்கரி, மரக்கரி எனப் பெயர் பல இருந்தாலும் பொருள் ஒன்றே. போதிய காற்று கிடைக்காமல் சூடேறி, ஆவியாகக் கூடியதெல்லாம் வெளியேறியபின் மிஞ்சும் கார்பன். மண்ணில் போட்டால் உயிர்க்கரி, அடுப்பில் போட்டால் வெறும் கரி.

முதலில் வெப்பக் கணக்கு. உலர்ந்த கொட்டாங்குச்சி ஒரு கிலோவில் ஏறத்தாழ 19 மெகாஜூல் வெப்பம் இருக்கிறது, 100 கிலோவில் 1,900. ஒழுங்கான மூடிய டிரம்மில் சுட்டால் அதில் 27 கிலோ கரி கிடைக்கும். கரி கிலோவுக்கு 30 மெகாஜூல் என்றால் 810 மெகாஜூல். மீதி 1,090 மெகாஜூல் புகையில் போகிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரில் இருப்பது 650 மெகாஜூல்தான். ஆக, 100 கிலோ கொட்டாங்குச்சியைப் புகையவிட்டுச் சுடுகிறவர், ஒன்றரை சிலிண்டருக்கு மேல் எரிபொருளை வானத்தில் விடுகிறார். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், ஹைட்ரஜன், தார் எல்லாமே எரியக்கூடியவை. குழிவெட்டி மண் மூடிச் சுடும் மூட்டத்தில் இது முழுக்க வீண், அக்கம்பக்கத்துக்கு விஷமும் கூட. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட, மிகக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் மணலியும் இருந்தது. அதன் பக்கத்துத் தெருவில் இன்னொரு புகைக்குழியைத் திறப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. எனவே இந்தப் பதில் முழுக்க ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: கரி எடுக்கும்போது வரும் வாயுவை அங்கேயே எரிக்க வேண்டும், அந்த வெப்பத்தை ஒரு வேலைக்குப் பயன்படுத்த வேண்டும்.

உங்கள் ஒன்றரை டன்னில் மாதம் 400 கிலோ கரி வரும். குமுட்டி அடுப்பு கரியின் வெப்பத்தில் முப்பது சதவீதத்துக்கும் குறைவாகத்தான் பாத்திரத்துக்குத் தரும். கேஸ் அடுப்பு அறுபதுக்கு மேல் தரும். அந்தக் கணக்கில் ஒரு சிலிண்டர் செய்கிற வேலைக்கு 50 கிலோ கரி தேவை. அதாவது உங்கள் மாத உற்பத்தி எட்டு சிலிண்டருக்குச் சமம். சமையல் எரிபொருளாக இது சிறிய அளவுதான். இஸ்திரிப் பெட்டிக்கு அப்படியல்ல. அங்கே சாம்பல் குறைவாக, தெறிக்காமல், நெடுநேரம் கனன்று நிற்கிற கரிதான் கேட்பார்கள். கொட்டாங்குச்சிக் கரிக்கு அதில் நிகர் இல்லை. விலையும் அங்கேதான் கிடைக்கும்.

அத்திப்பட்டிலும் வல்லூரிலும் அனல்மின் நிலையங்கள் பக்கத்திலேயே இருக்க, அங்கே கொடுக்கலாமே என்று தோன்றலாம். 2021 அக்டோபரில் மத்திய மின்துறை அமைச்சகம் நிலக்கரியோடு உயிர்ப்பொருள் வில்லைகளைக் கலந்து எரிக்கச் சொல்லிக் கொள்கை வகுத்தது உண்மை. ஆனால் 500 மெகாவாட் அலகு ஒன்று மணிக்கு 300 டன்னுக்கு மேல் நிலக்கரி தின்னும். உங்கள் மாதக் கரி அதற்கு ஐந்து நொடிக்குக் காணாது. தவிர, அவர்கள் கேட்பது வேளாண் கழிவை அழுத்திய வில்லை, அல்லது 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் லேசாக வறுத்து அழுத்தியது. அப்படி வறுத்தால் எடையில் எழுபது சதவீதமும் வெப்பத்தில் தொண்ணூறு சதவீதமும் தங்கும். அது டன் கணக்கில் வைக்கோலும் உமியும் கையாளுகிறவர்களின் தொழில். நல்ல கொட்டாங்குச்சியை அதில் போடுவது நஷ்டம்.

இளநீர் மட்டையைக் கரிக் கணக்கில் சேர்க்காதீர்கள். வெட்டிய மட்டையின் எடையில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ மட்டை காய்ந்தால் நூற்றைம்பது கிராம் மிஞ்சினாலே பெரிது. அதில் வரும் கரி நாற்பது கிராம், அதுவும் பொட்டாசியமும் உப்பும் ஏறிய சாம்பல் மிகுந்த கரி. நாருக்கும் நார்க்கழிவு உரத்துக்கும் அது ஏற்றது, அந்த வழியில் விடுங்கள். செங்குன்றம் அரிசி ஆலைகளின் உமியும் அப்படியே. உமியில் 15 முதல் 20 சதவீதம் சாம்பல், அதில் பெரும்பங்கு சிலிக்கா. கரியாக்கினால் சாம்பல் விகிதம் இரட்டிக்கும். மண்ணுக்கு நல்லது, அடுப்புக்கு மட்டம்.

இனி கொட்டாங்குச்சி. உள்ளே ஒட்டிய தேங்காய்ப் பத்தை, வெளியே ஒட்டிய நார், மண் மூன்றையும் நீக்க வேண்டும். பத்தை ஒட்டியிருந்தால் எண்ணெய்ப் புகை வரும், நார் இருந்தால் சாம்பல் ஏறும். பாதி மூடிகளாக அப்படியே போடாமல் 3 முதல் 5 செ.மீ. துண்டுகளாக உடையுங்கள். முழு மூடிகள் கிண்ணம்போல் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொண்டு வாயு ஓட வழியை அடைத்துவிடும்; டிரம்மின் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பழுப்பாகவே நின்றுவிடும். வெயிலில் நாலைந்து நாள் காயட்டும். காய்ந்ததா என்று கையால் பார்த்துச் சொல்ல முடியாது. 200 கிராம் எடுத்து, கேக் சுடும் அவனில் 105 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். 180 கிராமுக்குக் கீழே இறங்கினால் ஈரம் பத்து சதவீதத்துக்கு மேல், இன்னும் காய வேண்டும். ஈரக் கொட்டாங்குச்சியை ஏற்றினால் முதல் ஒரு மணி நேரம் வெறும் நீராவிதான் வரும். அது எரியாது, டிரம்மைச் சுற்றி நாம் மூட்டும் வெளித்தீயையும் அணைக்கும்.

வெளித்தீக்கு என்ன விறகு என்பதில்தான் நம் பகுதியில் பெரிய தப்பு நடக்கிறது. கன்டெய்னர் யார்டுகளில் இருந்து உடைந்த மரப் பலகைத் தட்டுகள் மலிவாகக் கிடைக்கும். ஒவ்வொரு தட்டிலும் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். அதில் எச்டி என்ற எழுத்து இருந்தால் வெறும் சூடேற்றிப் பூச்சி நீக்கியது, எரிக்கலாம். எம்பி என்றிருந்தால் மெத்தில் புரோமைடு அடித்தது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாததையும் பெயின்ட் அடித்ததையும் விட்டுவிடுங்கள். பிளைவுட் கூடவே கூடாது, அதன் பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. காசிமேட்டில் உடைத்த பழைய படகுப் பலகை சும்மா கிடைத்தாலும் வேண்டாம்: பல வருஷம் கடலில் ஊறிய உப்பின் குளோரினும், அடிப்பகுதியில் பூசிய செம்புச் சேர்மப் பெயின்டும் சேர்ந்து எரிந்தால் டையாக்சின் உண்டாகும். மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் விளையும் சவுக்கின் மிலாறும் வேர்க்கட்டையும் இதற்குப் போதும், நம்பகமானதும் அதுதான்.

டிரம் இரண்டு வேண்டும். வெளியே 200 லிட்டர் இரும்பு டிரம், அதாவது சுமார் 57 செ.மீ. அகலம், 88 செ.மீ. உயரம். உள்ளே 100 லிட்டர் அளவில், ரிங் போட்டு மூடும் வாயகன்ற டிரம். சமையல் எண்ணெயோ பழக்கூழோ வந்த டிரம்மாகப் பார்த்து வாங்குங்கள். தின்னர், பிசின், பூச்சிமருந்து வந்தவை மலிவாக இருந்தாலும் வேண்டாம். வாய் மூடிய டிரம்மை வெல்டிங்காலோ கிரைண்டராலோ வெட்டும்போது உள்ளே மிச்சமிருக்கும் ஆவி வெடிக்கும், இது பட்டறைகளில் உயிர் போகிற விஷயம். கழுவி, வெட்டுகிற கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். உள்பூச்சு இருந்தால் முதல் முறை வெறும் டிரம்மாகவே எரித்துச் சுத்தம் செய்யுங்கள்.

உள் டிரம்மின் அடியில் மட்டும் 8 முதல் 10 மி.மீ. துளை எட்டு போடுங்கள், வேறெங்கும் துளை கூடாது. வாயு அந்த அடித்துளைகள் வழியாக இறங்கி நேராகத் தீக்குள் விழ வேண்டும் என்பதே ஏற்பாடு. வெளி டிரம்மின் அடிவிளிம்பை ஒட்டிச் சுற்றிலும் 5 செ.மீ. துளை ஆறு, காற்று நுழைய. உள் டிரம் மூன்று செங்கல் மேல் 10 செ.மீ. உயரத்தில் உட்காரும். சுற்றிலும் 5 செ.மீ. இடைவெளி இருக்கும், அதில்தான் விறகு. வெளி டிரம் மூடியின் நடுவே 15 செ.மீ. அகலத்தில் ஒன்றரை மீட்டர் புகைக்குழாய். குழாய் குட்டையாக இருந்தால் இழுவை போதாமல் தீ மந்தமாகி வெள்ளைப்புகை தள்ளும். இந்த ஒரு குழாயில் அரை மீட்டர் மிச்சம் பிடித்துவிட்டு, புகை வருகிறது என்று துளைகளைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறவர்கள் பலர். முதலில் குழாயை உயர்த்துங்கள்.

வெப்பம் தெரிய கே வகைத் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும் கம்பி) ஒன்றும் அதற்கு மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தே செய்துவிடலாம் என்பது வருஷக்கணக்கில் மூட்டம் போட்டவர்களுக்குச் சரி. புதிதாகத் தொடங்குகிறவருக்கு இந்தக் கம்பிதான் ஆசான்.

உள் டிரம்மில் ஏறத்தாழ 35 கிலோ உடைத்த கொட்டாங்குச்சி கொள்ளும். மூடி ரிங்கை இறுக்குங்கள். சுற்று இடைவெளியில் சவுக்கு மிலாறு 12 முதல் 15 கிலோ, கீழே மெல்லியது, மேலே தடித்தது. அடியில் பற்றவையுங்கள். உள்ளே 150 டிகிரி வரை தண்ணீர்தான் போகும். 220இல் தொடங்கி 400க்குள் பெரும்பகுதி வாயு வெளியேறும். 280ஐத் தாண்டியதும் பொருள் தானாகவே வெப்பம் விடத் தொடங்கும். அப்போது அடித்துளைகளில் ஸ்டவ் ஊதுவதுபோல் ஒரு சீறல் சத்தம் கேட்கும், மஞ்சள் நாக்குகள் வெளியே எட்டிப்பார்க்கும். அதன்பின் விறகு சேர்க்காதீர்கள், கொட்டாங்குச்சியே தன்னைச் சுடும். சீறல் அடங்கி நாக்குகள் சிறுத்து நீலமாகும்போது 450 டிகிரியைத் தாண்டியிருக்கும். இஸ்திரிக் கரிக்கு 500 முதல் 550இல் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும், அதற்கு மட்டும் கொஞ்சம் மிலாறு போடுங்கள். மொத்தம் இரண்டரை முதல் மூன்று மணி நேரம்.

முடிந்ததும் வெளி டிரம்மின் காற்றுத் துளைகளை ஈர மணலால் அடைத்து, குழாயைக் கழற்றி, வாயில் ஒரு தகடு வைத்து அதன் விளிம்பிலும் மணல் போடுங்கள். பன்னிரண்டு மணி நேரம் திறக்கக் கூடாது. வெளியே தொட்டால் ஆறினதுபோல் இருக்கும். உள்ளே நடுவில் 150 டிகிரி இருந்தாலும் காற்றுப் பட்டவுடன் கங்கு விழும். தண்ணீர் ஊற்றி அணைத்தால் வேலை சீக்கிரம் முடியும், கரி வெடித்துத் தூளாகும், மறுபடி காயவைக்கும் செலவும் சேரும்.

இனி என்னென்ன தவறும் என்பது. அடித்துளைகளில் தார் கட்டி அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி பறக்கும். ஒவ்வொரு சூட்டுக்கும் முன் ஒரு கம்பியால் எட்டுத் துளைகளையும் குத்திவிட வேண்டும், இதில் விதிவிலக்கே கிடையாது. வெளித்தீ நடுவில் அணைந்து அடர்ந்த வெள்ளைப்புகை வந்தால், குனிந்து தீக்குச்சி நீட்டாதீர்கள். டிரம்முக்குள் காற்றும் வாயுவும் கலந்து நிற்கிறது, பற்றினால் முகத்தில் அடிக்கும். நீண்ட கழியின் நுனியில் துணி கொளுத்தி, பக்கவாட்டில் நின்று நீட்டுங்கள். கடற்காற்று வீசும் பக்கத்துத் துளைகள் கூடுதல் காற்று வாங்கி அந்தப் பக்கம் மட்டும் கொதிக்கும். மத்தியானம் கிழக்குக் காற்று ஏறுமுன் சூட்டை முடிப்பதும், அந்தப் பக்கம் நான்கு செங்கல்லை மறைப்பாக வைப்பதும் இதற்கு மருந்து. டிரம் தகடு மெல்லியது, உப்புக்காற்றில் சீக்கிரம் துரு தின்றுவிடும். உள் டிரம்மில் ஊசி ஓட்டை விழுந்தால்கூட ஆறும்போது காற்று உறிஞ்சிக் கரி சாம்பலாகும். ஒரு சூட்டில் திடீரென்று கரி குறைந்து சாம்பல் கூடினால், டிரம்மைத் தூக்கி வெயிலைப் பார்த்து உள்ளே எட்டிப் பாருங்கள், வெளிச்சப் புள்ளி தெரியும்.

இந்த வெப்பத்தை எதற்குப் பயன்படுத்துவது? முதல் உரிமை அடுத்த நாள் கொட்டாங்குச்சியைக் காயவைப்பதற்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது. குழாயைச் சுற்றி ஒரு தகட்டுப் பெட்டி கட்டி, அதற்குள் ஓடும் சுடுகாற்றில் ஒரு தட்டு கொட்டாங்குச்சி காயும். அதற்கும் மேலே மிஞ்சினால் வெந்நீர். துணி வெளுக்கிறவர்களின் வெள்ளாவிக்கும் கொதிநீர் தினமும் வேண்டும். கரி சுடும் இடமும் வெந்நீர் வேண்டும் இடமும் ஒட்டியிருந்தால்தான் இது ஒரு எரிசக்தித் தொழில். இல்லையென்றால் பாதி எரிபொருளைக் காற்றில் விடும் கரித்தொழில்தான்.

இடம் பற்றி ஒரு வார்த்தை. கொருக்குப்பேட்டைச் சந்துகளுக்குள் இதைச் செய்யக் கூடாது. நல்ல டிரம்மிலும் பற்றவைக்கும் முதல் இருபது நிமிடம் புகை வரும். மீஞ்சூருக்கு அப்பால் திறந்த நிலம் பார்த்து, தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் உள்ளாட்சியிடமும் முன்கூட்டியே கேட்டு, எழுத்தில் வாங்கிய பிறகே தொடங்குங்கள். கரியை வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்லியே விற்க வேண்டும்: மூடிய அறையில் கரி அடுப்பு வைத்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. புயலில் கரன்ட் போன இரவில் அறைக்குள் குமுட்டியை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது.

கரி வெந்ததா என்று பார்க்க நாலு சோதனை. இரண்டு துண்டைத் தட்டினால் ஓட்டுத்துண்டு மோதுவதுபோல் கிண்ணென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டால் அரைவேக்காடு. உடைத்த பக்கம் கண்ணாடிபோல் கறுத்து மின்ன வேண்டும், பழுப்புக் கீற்று இருக்கக் கூடாது. கையில் தேய்த்துவிட்டு வெறும் தண்ணீரில் கழுவினால் போக வேண்டும், சோப்பு கேட்டால் தார் மிச்சமிருக்கிறது. அப்படிப்பட்ட கரி இஸ்திரிப் பெட்டியில் புகைந்து வெள்ளை வேட்டியில் மஞ்சள் அடிக்கும், அந்தக் கடைக்காரர் மறுபடி வாங்க மாட்டார். நாலாவது, மல்டிமீட்டர். இரண்டு முனையையும் ஒரு செ.மீ. இடைவெளியில் அழுத்தினால், 500 டிகிரியில் எடுத்த கரி மின்சாரத்தைக் கடத்தாது, மீட்டர் மெகாஓம் காட்டும். 800 டிகிரி கண்ட கரியில் தடை பல மடங்கு இறங்கிவிடும். மின்சேமிப்புக்குப் போகும் கதை தொடங்குவது இந்த இறக்கத்தில்தான்.

அதற்கு முன் கரித்தூளை வில்லையாக்குவதை முடித்துவிடுவோம். ஒவ்வொரு சூட்டிலும் பத்து சதவீதமாவது தூளாகும். 10 கிலோ தூளைச் சல்லடையில் சலித்து, 500 கிராம் மரவள்ளி மாவை முதலில் அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, நாலு லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கண்ணாடிபோல் ஆகும்வரை கிளறுங்கள். அந்தக் கஞ்சியைச் சூடாகவே தூளில் கொட்டிப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டைபோல் நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. அச்சில் அழுத்தி, முதல் நாள் நிழலில், பிறகு வெயிலில் நாலு நாள். முதல் நாளே வெயிலில் போட்டால் மேல்தோல் இறுகி விரிசல் விடும். காய்ந்தபின் உதிர்ந்தால் மாவு வேகவில்லை. எரிக்கும்போது புகைந்தால் மாவு அதிகம், அல்லது தூளே அரைவேக்காடு. களிமண்ணைப் பசையாகச் சேர்ப்பவர்கள் எடையைத்தான் கூட்டுகிறார்கள், வெப்பத்தை அல்ல. மழைக்காலத்தில் மரவள்ளிப் பசை பூஞ்சை பிடிக்கும். அந்த மூன்று மாதம் வில்லை போடாமல் தூளைச் சேர்த்து வைப்பது நல்லது.

இப்போது மின்சாரம். சூப்பர் கெப்பாசிட்டரில் வேதிவினை நடப்பதில்லை. கார்பனின் நுண்துளைச் சுவர்களில் அயனிகள் ஒட்டி நிற்கின்றன, அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு சுவர்ப் பரப்பு இருக்கிறது என்பதே கணக்கு. உங்கள் டிரம்மில் வரும் கரியில் துளைகள் பெரும்பாலும் தாரால் அடைபட்டிருக்கும். அதை 850 முதல் 950 டிகிரியில் நீராவியால் அரித்து, ஒரு கிராமில் 1,000 சதுர மீட்டர் பரப்பு கொண்ட செறிவூட்டிய கரியாக்குகிறார்கள். மூன்று டன் கரி போட்டால் ஏறத்தாழ ஒரு டன் தான் மிஞ்சும். கொட்டாங்குச்சிக்கு உலகெங்கும் கிராக்கி இருப்பது இதனால்தான்: சாம்பல் குறைவு, கெட்டித்தன்மை அதிகம், துளைகள் மிக நுண்ணியவை. ஜப்பானின் குராரே நிறுவனம் கெப்பாசிட்டருக்கென்றே விற்கும் ஒய்பி-50எஃப் கரியின் மூலப்பொருள் தேங்காய்க் கொட்டாங்குச்சிதான்.

அந்தத் தரமான கரியே கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்க்கரைசலில் ஒரு கிராமுக்கு 150 ஃபாரட் (மின்னேற்றம் தாங்கும் திறனின் அலகு) தருகிறது. இரண்டு மின்முனையும் தொடராக நிற்பதால், மொத்தக் கரி எடைக்கு அதில் நாலில் ஒரு பங்கு, 37.5 ஃபாரட். ஒரு வோல்ட் வரை ஏற்றினால் ஒரு கிராமில் தங்குவது 18.75 ஜூல், அதாவது ஒரு கிலோ கரியில் 5.2 வாட்மணி. வீட்டு இன்வர்டருக்கு வாங்கும் 12 வோல்ட், 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1,800 வாட்மணி இருக்கிறது. அதற்குச் சமமாகச் சேமிக்க 346 கிலோ செறிவூட்டிய கரி வேண்டும்; கரைசல், தகடு, டப்பா எடை தனி. மொட்டைமாடி தாங்காது, பணமும் தாங்காது. சூப்பர் கெப்பாசிட்டர் நொடிக்கணக்கில் பெரிய மின்னோட்டம் வேண்டிய இடத்துக்கு உரியது: பஸ் பிரேக் பிடிக்கும்போது வரும் மின்சாரத்தைப் பிடித்து அடுத்த நொடி திருப்பிக் கொடுப்பதுபோல. இரவு முழுக்க விசிறி ஓட்ட அல்ல. சோலாருக்குப் பேட்டரியே வாங்குங்கள்.

இணையத்தில் காஸ்டிக் பொட்டாஷ் கலந்து கரியைச் செறிவூட்டும் வீடியோக்கள் நிறைய. அதை வீட்டிலோ பட்டறையிலோ செய்யவே கூடாது. 400 டிகிரிக்கு மேல் உருகிய பொட்டாஷ் கரியோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடும், 700க்கு மேல் பொட்டாசியம் உலோகமே ஆவியாக வரும். ஆறினபின் கழுவத் தண்ணீர் ஊற்றும்போது அந்த மிச்சம் தீப்பிடித்து வெடிக்கும். நைட்ரஜன் ஓடும் குழாய் உலையும் நிக்கல் கிண்ணமும் அனுபவமுள்ள ஆளும் இருக்கும் ஆய்வகத்தின் வேலை அது.

வீட்டில் பாலிடெக்னிக் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், ஆபத்தில்லாத ஒரு செயல்விளக்கம் உண்டு. கடையில் வாங்கிய நீராவிச் செறிவூட்டிய கரித்தூள் 8 பங்கு, கார்பன் பிளாக் (மின்சாரம் கடத்தும் நுண்கரித்தூள்) 1 பங்கு, சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) பசை 1 பங்கு. தண்ணீரில் தோசைமாவுப் பதத்தில் அரைத்து, கிராஃபைட் தாளில் பூசிக் காயவையுங்கள். மின்முனை ஒன்றுக்கு 2 கிராம் கரி. நடுவில் வடிதாள். கரைசல், லிட்டருக்கு 142 கிராம் சோடியம் சல்பேட். சமையல் உப்போ கடல்நீரோ வேண்டாம், குளோரின் வரும், உலோக முனையும் அரிக்கும். ஒரு கலத்துக்கு ஒரு வோல்ட்தான், அதற்கு மேல் ஏற்றினால் தண்ணீர் பிரிந்து குமிழி விடும். கையால் பூசியதில் கிராமுக்கு 50 ஃபாரட் வந்தால் கலத்துக்கு 50 ஃபாரட். மூன்று கலத்தைத் தொடராக இணைத்தால், தடையோடு சேர்த்த சிவப்பு எல்ஈடி ஒன்று பத்து இருபது நிமிடம் எரியும். எரியாவிட்டால் முக்கால்வாசி நேரம் குற்றம் கரியில் இல்லை. பூச்சுக்கும் தாளுக்கும் இடையே ஒட்டாமல் நிற்கும் தடைதான். இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவில் வைத்துக் கிளிப்பால் இறுக்கிப் பாருங்கள்.

சோடியம் அயனி பேட்டரிதான் கொட்டாங்குச்சிக்கு உண்மையான எதிர்காலம் என்பது என் கருத்து. லித்தியம் பேட்டரியில் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் சோடியம் சரியாகப் புகாது. அதற்கு அடுக்கு கலைந்த ‘கடினக் கார்பன்’ வேண்டும். கொட்டாங்குச்சியை 1,200 முதல் 1,400 டிகிரியில், ஆக்சிஜன் இல்லாத வாயுவில் சுட்டால் அது கிடைக்கிறது, கிராமுக்கு 300 மில்லிஆம்பியர்மணியை ஒட்டிக் கொள்ளளவு. அந்த வெப்பம் டிரம்முக்கு எட்டாது. ஆனால் அந்த உலைக்குள் போகும் மூலக் கரி டிரம்மில் வரலாம். அந்த உலை வைத்திருப்பவர்கள் முதலில் பார்ப்பது சாம்பல், குறிப்பாகப் பொட்டாசியம், இரும்பு. அதை அமிலத்தில் கழுவி நீக்கச் செலவாகும். குறைவாக இருந்தால் உங்கள் சரக்குக்கு மதிப்பு.

செறிவூட்டும் ஆலைகள் வழக்கமாகக் கேட்பது இது: ஈரம் 10 சதவீதத்துக்குள், சாம்பல் 2க்குள், ஆவியாகும் பொருள் 15க்குள், நிலைக் கார்பன் (ஆவியாவதும் சாம்பலும் போக மிஞ்சும் கார்பன்) 75க்கு மேல். 550 டிகிரியில் முக்கால் மணி நேரம் நின்ற கரி இதற்குள் வந்துவிடும். கெடுப்பது மூன்று: தரையில் கொட்டி அள்ளும்போது சேரும் மணல், துருப்பிடித்த டிரம்மிலிருந்து உதிரும் இரும்புச் செதில், காற்றுப் பட்டு மேலே படிந்த சாம்பல். எனவே தார்ப்பாயில் கொட்டுங்கள், காந்தம் ஒன்றைக் கரியின் மேல் ஓட்டுங்கள், சாம்பல் பூத்த துண்டுகளைத் தனியே பொறுக்கி அடுப்புக் கரியில் சேருங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் தேதி, போட்ட எடை, வந்த எடை, எட்டிய வெப்பம் நான்கையும் ஒரு நோட்டில் எழுதி, சாக்கில் அந்த எண்ணைக் கட்டுங்கள். மாதிரி அனுப்பும்போது மேல் சாக்கில் ஒரு கைப்பிடி எடுக்காமல், பத்து சாக்கின் நடுவிலிருந்தும் எடுத்துக் கலந்து அனுப்புங்கள்.

புதுக் கரி காற்றிலிருந்து ஆக்சிஜனை உறிஞ்சித் தானாகச் சூடேறும். கப்பல் சரக்கு விதிகளில் கரிக்கு ஐ.நா. எண் 1361 கொடுத்து, தானே தீப்பற்றும் 4.2 வகுப்பில் வைத்திருப்பது இதனால்தான். டிரம்மைத் திறந்ததும் சாக்கில் கட்டாமல், ஒரு சாண் உயரத்துக்கு மேல் போகாமல் நிழலில் பரப்பி ஒரு முழு நாள் விடுங்கள். தூளுக்கு இரண்டு நாள், அதுதான் வேகமாகச் சூடேறுவது. அடுக்கும்போது இரண்டு வரிசைக்கு நடுவே கை நுழையும் இடைவெளி வேண்டும். வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொரு சாக்கின் வாயையும் பிரித்து நடுவரை கையைவிட்டுப் பாருங்கள். வெதுவெதுப்புத் தெரிந்தால் அந்தச் சாக்கு அன்றைக்கு ஏறக் கூடாது. கீழே கொட்டிப் பரப்பிவிட்டு, மறுநாள் தொட்டுப் பார்த்து ஏற்றுங்கள்.